ஒரு டிகிரிச் சாய்வு

கோல்ஃப் பந்தின் வளைவை ரசிக்க அடித்தவரின் நேர் பின்னால் நிற்க வேண்டும். பக்கவாட்டில் நிற்பவருக்கு உயரம் தெரியும், தூரம் தெரியும், வளைவு தெரியாது. பின்னால் நின்று, மட்டை பந்தைத் தொடும் அந்தச் சுத்தமான ‘டக்’ ஒலி காதில் விழுந்ததும் அண்ணாந்து பாருங்கள். வெள்ளைப் புள்ளி ஒன்று நீலத்துக்குள் ஏறிக்கொண்டிருக்கும். முதல் இரண்டு நொடி நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். எந்தப் பக்கமும் திரும்புகிற எண்ணமே அதற்கு இல்லை என்றுதான் தோன்றும். உச்சியை நெருங்கும்போது மெல்ல ஒரு பக்கம் சாயத் தொடங்கும். சாய்வு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். இறங்கும்போது அந்த வளைவு இறுகி, முழுமை பெற்று, புறப்பட்ட திசைக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில், பச்சைப் புல்லில், அமைதியாக வந்து விழும்.

வளைவு ஏன் இத்தனை தாமதமாகக் கண்ணுக்குத் தெரிகிறது என்பதிலேயே ஓர் அழகு இருக்கிறது. பந்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசை முதல் கணத்திலேயே வேலையை ஆரம்பித்துவிடுகிறது. ஆனால் அந்தத் தள்ளலால் வரும் விலகல் காலத்தின் வர்க்கத்தைப் பின்பற்றிக் கூடுகிறது. முதல் நொடியின் முடிவில் ஒரு பங்கு விலகல் என்றால், இரண்டாம் நொடியின் முடிவில் ஏறத்தாழ நான்கு பங்கு, மூன்றாம் நொடியின் முடிவில் ஒன்பது பங்கு. இதற்கிடையே காற்றின் தடையால் பந்தின் வேகம் மளமளவென்று குறைகிறது. சுழற்சியோ அவ்வளவு சீக்கிரம் குறைவதில்லை. வேகம் தளரத் தளர சுழற்சியின் கை ஓங்குகிறது. அதனால்தான் அந்தப் பாதை வட்டத்தின் துண்டு போலச் சீராக இல்லாமல், தொடக்கத்தில் விரிந்தும் முடிவில் இறுகியும் இருக்கிறது. காகிதத்தில் ஒரே வீச்சில் அப்படியொரு கோடு இழுக்கச் சொன்னால் நல்ல ஓவியரும் கொஞ்சம் யோசிப்பார்.

எங்கள் எருத்தேன்பதியில் கோல்ஃப் மைதானம் கிடையாது. சித்தூர் வட்டத்தின் கிழக்கோரத்தில், தென்னந்தோப்பும் பனைவரிசையுமாக, தமிழ் பேசிக்கொண்டு கேரளத்தில் இருக்கிற ஊர் இது. எல்லை தாண்டிக் கோயம்புத்தூர்ப் பக்கம் போனால் செட்டிபாளையத்தில் 18 குழிகள் கொண்ட மைதானம் ஒன்று இருக்கிறது. நீலகிரி ஏறினால் ஊட்டியில் ஒன்று. பழனி மலை ஏறினால் 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப். இடுக்கிப் பக்கம் போனால், தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கிய வெள்ளைக்காரத் துரைமார்கள் மூணாறிலும் குண்டளையிலும் விட்டுச்சென்ற மலைப்புல்வெளிகள். சுற்றிலும் இத்தனை மைதானங்கள் இருந்தும் நம்மில் பெரும்பாலோர் பந்தின் வளைவைக் கற்றுக்கொண்டது வேறு ஆட்டங்களில்தான். அஸ்வின் வீசும் ஆஃப் ஸ்பின் பந்து தரையைத் தொடுவதற்கு முன்பே, காற்றிலேயே, வலக்கை ஆட்டக்காரரை விட்டு ஸ்லிப் பக்கமாக நகர்ந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். 1997-இல் ரொபர்டோ கார்லோஸ் பிரான்சுக்கு எதிராக 35 மீட்டர் தொலைவிலிருந்து அடித்த அந்த ஃப்ரீ கிக்கைப் பாலக்காட்டிலும் மலப்புறத்திலும் செவன்ஸ் ஆடுகிற எந்தப் பையனைக் கேட்டாலும் காலால் வரைந்து காட்டுவான். கோல்ஃப் பந்து அவற்றின் உறவுதான். ஆனால் அந்தக் குடும்பத்திலேயே மிக நுட்பமான உறுப்பினர் இதுதான் என்பது என் எண்ணம். ஏனென்றால் இங்கே பந்து அசையாமல் கிடக்கிறது. காற்றும் பெரும்பாலும் தெரிந்ததே. அடிப்பவருக்கு எதிரி இல்லை. வளைவுக்கு உண்டான காரணம் முழுவதும் அந்த ஒரு தொடுகைக்குள் அடங்கிக் கிடக்கிறது.

வலக்கைக்காரர் அடிக்கும் பந்து வலப்பக்கம் பெரிதாக வளைந்தால் ஸ்லைஸ். சிறிதாக, வேண்டுமென்றே வளைத்தால் ஃபேட். இடப்பக்கம் கண்டபடி வளைந்தால் ஹூக். அளவாக வளைத்தால் டிரா. இடக்கைக்காரருக்கு எல்லாம் மாறிப்போகும். இந்த நான்கு சொற்களும் தெரிந்தால் போதும். ஆட்டம் பழகத் தொடங்குபவர்களை வாட்டுவது ஸ்லைஸ். தேர்ந்தவர்களில் ஜாக் நிக்கலஸ் போன்ற மகா ஆட்டக்காரர் விரும்பித் தேர்ந்தது ஃபேட். ஒன்று நோய், மற்றொன்று அலங்காரம். இரண்டுக்கும் அடியில் இருக்கும் இயற்பியலோ ஒன்றேதான்.

அந்த இயற்பியலின் வேர் இரண்டு திசைகளில் இருக்கிறது. மட்டையின் தலை பந்தை அடையும்போது எந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பது ஒரு திசை. அது வீச்சின் பாதை. அதே கணத்தில் மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது இன்னொரு திசை. பாதையும் பார்வையும் ஒன்றாக இருந்துவிட்டால் பந்து நேராகப் போகும். முகம் பாதைக்கு வலப்பக்கம் திறந்திருந்தால் வலம் வளையும். இடப்பக்கம் மூடியிருந்தால் இடம் வளையும். இவ்வளவுதான் சூத்திரம். முகம் இலக்கைப் பார்க்கிறதா இல்லையா என்பது வளைவுக்குப் பொருட்டே இல்லை. முகத்துக்கும் பாதைக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் பொருட்டு. இலக்குக்கு வலமாக முகம் பார்க்கலாம், பாதை அதைவிட வலமாகப் போகலாம். அப்போது பந்து வலப்பக்கம் புறப்பட்டு, இடப்பக்கம் வளைந்து, சரியாக இலக்குக்கே திரும்பி வரும். நல்ல ஆட்டக்காரரின் டிரா என்பது இதுதான். தவறுபோலத் தெரிகிற இரண்டு திசைகளை ஒன்றோடொன்று இழைத்து ஒரு சரியை நெய்வது.

பந்து எந்தத் திசையில் புறப்படும் என்பதையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பல பத்தாண்டுகளாகப் பயிற்சியாளர்கள் சொல்லிவந்தது: பந்து வீச்சின் பாதையில் புறப்படும், பிறகு முகம் பார்த்த திசைக்கு வளையும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ராடார் கருவிகள் பந்தையும் மட்டையையும் சேர்த்தே பின்தொடர ஆரம்பித்தபோது அந்தப் பாடம் தலைகீழானது. பந்து பெரும்பாலும் முகம் பார்க்கும் திசையிலேயே புறப்படுகிறது. டிரைவர் என்கிற நீண்ட மட்டையில் அந்தப் பங்கு 85 சதவீதம் அளவுக்கு. அயர்ன் மட்டைகளில் 75 சதவீதம் அளவுக்கு. பாதையின் பங்கு மிச்சம்தான். மரத்தைச் சுற்றி வளைக்க நினைத்துப் பழைய பாடத்தின்படி அடித்தவர்களின் பந்து ஏன் நேரே மரத்தில் போய் மோதியது என்பது அப்போதுதான் விளங்கியது. கண்ணுக்கு எதிரே நடந்துகொண்டிருந்த ஒன்று இத்தனை காலம் கண்ணுக்குத் தப்பியது எனக்கு இன்றும் வியப்பு. ஆனால் அந்தத் தொடுகை நீடிக்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டால் வியப்பு தணியும்.

மட்டையும் பந்தும் சேர்ந்திருப்பது ஒரு நொடியின் 2,000-இல் ஒரு பங்கு. அந்தச் சின்னஞ்சிறு பொழுதில் இரண்டும் சேர்ந்து கடக்கும் தூரம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். கெட்டியான பந்து முகத்தில் அப்பிக்கொண்டு நசுங்குகிறது, முகத்தின் மேல் லேசாக வழுக்குகிறது, பிறகு பிடித்துக்கொண்டு உருள்கிறது, நிமிர்ந்து விடுபடுகிறது. அடித்தவரின் கைக்கு அதிர்வு வந்து சேரும்போது பந்து போய்விட்டிருக்கிறது. அடுத்த ஆறு நொடியில் வானில் எழுதப்போகிற அத்தனையும் அந்த 2 சென்டிமீட்டருக்குள் முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு உடம்பை வளைத்தாலும், கையை ஆட்டினாலும், ‘திரும்பு, திரும்பு’ என்று கெஞ்சினாலும் பந்து கேட்காது. கெஞ்சாத ஆட்டக்காரர்தான் கிடையாது.

இப்போது இதன் உள்ளழகுக்கு வருகிறேன். பந்துக்குப் பின்சுழற்சி ஒன்று, பக்கச்சுழற்சி ஒன்று என்று இரண்டு சுழற்சி இருப்பதாகவே நெடுநாள் பேசிவந்தோம். ஒரு பந்து ஒரே நேரத்தில் ஓர் அச்சில்தான் சுழல முடியும். மட்டையின் முகம் சற்று மல்லாந்திருப்பதால் எல்லா அடியிலும் பந்து பின்னோக்கிச் சுழல்கிறது. தொழில்முறை ஆட்டக்காரரின் டிரைவர் அடியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,600 சுற்று. குட்டையான வெட்ஜ் மட்டையில் 10,000 சுற்று வரைகூடப் போகும். பின்னோக்கிச் சுழலும் பந்தின் மேற்பரப்பு, எதிர்வரும் காற்றோடு சேர்ந்து ஓடுகிறது. அடிப்பரப்பு காற்றை எதிர்த்து ஓடுகிறது. மேலே செல்லும் காற்று பந்தின் உடம்பை ஒட்டிக்கொண்டு நெடுந்தூரம் வந்து, கீழ்நோக்கித் திருப்பிவிடப்படுகிறது. காற்றைக் கீழே தள்ளிய பந்து தான் மேலே தள்ளப்படுகிறது. அந்தத் தூக்கல் இல்லாவிட்டால் பந்து இத்தனை நேரம் வானில் இருக்கவே முடியாது.

அந்தச் சுழலச்சு தரைக்கு இணையாகக் கிடக்கும்வரை தூக்கல் செங்குத்தாக மேலே போகிறது. முகமும் பாதையும் பிரிந்த அந்த நொடியில் அச்சு ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. அச்சு சாய்ந்தால் தூக்கலும் சாய்கிறது. அதில் ஒரு பகுதி இன்னும் மேலே தூக்குகிறது. ஒரு பகுதி பக்கத்தில் இழுக்கிறது. நாம் வளைவு என்று ரசிப்பது அந்தப் பக்க இழுப்பைத்தான். பந்தை உயரே வைத்திருக்கும் விசையும் வளைக்கும் விசையும் வேறு வேறு இல்லை. ஒரே விசை, கொஞ்சம் தலை சாய்த்து நிற்கிறது. இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை.

எவ்வளவு சாய்வு? டிரைவர் அடியில் முகத்துக்கும் பாதைக்கும் ஒரே ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால் சுழலச்சு ஏறத்தாழ 4 டிகிரி சாயும். 250 மீட்டர் பறக்கும் பந்து அதனால் 7 மீட்டர் அளவுக்கு ஒதுங்கி விழும். ஒரு டிகிரி என்பது கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத அளவு. மணிக்கு 160, 170 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற மட்டையில், உடம்பைச் சுழற்றிக்கொண்டே, அந்த ஒரு டிகிரியைத் தன் விருப்பப்படி வைக்கவும் எடுக்கவும் தெரிந்த கைகள் உலகில் இருக்கின்றன. கலை என்று வேறு எதைச் சொல்வது?

வெட்ஜ் மட்டையில் கதை வேறு. அதன் முகம் நன்றாக மல்லாந்திருப்பதால் பின்சுழற்சி மிகப் பெரிது. அந்தப் பெரிய சுழற்சியின் அச்சை ஒரு டிகிரி வேறுபாடு அசைத்துப்பார்ப்பதோடு சரி. அதனால் குட்டை மட்டையின் பந்து வளைய மறுக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு 2012 மாஸ்டர்ஸ் போட்டியில் பப்பா வாட்சன் அடித்த அடியைப் பாருங்கள். சமன் முறிக்கும் ஆட்டத்தின் இரண்டாம் குழி. பந்து வலப்பக்க மரக்கூட்டத்துக்குள், உதிர்ந்த பைன் ஊசியிலைகளின் மேல் கிடக்கிறது. இலக்கு கண்ணிலேயே படவில்லை. இடக்கைக்காரரான வாட்சன் கையில் எடுத்தது வளைய மறுக்கும் வெட்ஜ். முகத்தையும் பாதையையும் அவ்வளவு தூரம் பிரித்து வைத்து அடித்தார். பந்து மரங்களுக்கிடையே தாழ்வாகப் புறப்பட்டு, வெளியே வந்து, ஏறத்தாழ 140 மீட்டர் பயணத்துக்குள் 35 மீட்டர் அளவுக்கு வலப்பக்கம் சுழன்று புல்திட்டில் வந்து நின்றது. பட்டம் அவருக்கு. முறையான பாடம் எதுவும் எடுத்துக்கொள்ளாதவர் அவர் என்பது ஆட்டம் அறிந்த எல்லோரும் சொல்லிச் சொல்லி மகிழும் செய்தி. வளையாத மட்டையை வளைய வைத்த அந்த அடியை, மட்டையின் கோணம் தெரிந்து பார்ப்பவருக்கு இரட்டிப்பு இன்பம்.

மட்டையைச் செய்கிறவரின் கைவண்ணத்தையும் பேசாமல் விட மனமில்லை. டிரைவர் மட்டையின் முகத்தைக் கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள். தட்டையாக இருக்காது. ஓரத்திலிருந்து ஓரம் வரை, மிக மென்மையாகப் புடைத்திருக்கும். பந்து முகத்தின் நடுவில் படாமல் நுனிப்பக்கம் பட்டால், மட்டையின் தலை அந்த அடியில் வெளிப்புறமாகத் திரும்பிவிடும். அப்போது கரும்புச்சாறு பிழியும் வண்டியில் ஓர் உருளை இந்தப் பக்கம் சுற்ற மற்றது எதிர்ப்பக்கம் சுற்றுவதுபோல, தலை ஒரு பக்கம் திரும்ப, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பந்து எதிர்ப்பக்கம் சுழலத் தொடங்கும். நுனியில் பட்ட பந்து இடப்பக்கம் வளைவது இதனால்தான். குதிப்பக்கம் பட்டது வலப்பக்கம் வளையும். முகத்தின் புடைப்பு இதற்குச் செய்யப்பட்ட ஈடு. நுனிப்பக்கம் பட்ட பந்தை அந்தப் புடைப்பு முதலில் கொஞ்சம் வலப்பக்கமாக அனுப்பி வைக்கிறது. வலம் போன பந்து இடம் வளைந்து நடுவுக்கு வந்து சேர்கிறது. பிழை நேரும் என்று தெரிந்து, அந்தப் பிழையின் அளவும் தெரிந்து, அதை மன்னிக்கும் வளைவை முன்கூட்டியே மரத்தில் இழைத்து வைத்த பழைய தச்சர்கள் எத்தனை கனிந்த மனம் படைத்தவர்கள்! இன்று மட்டைத்தலை டைட்டானியத்துக்கு மாறிவிட்டது. அந்தப் புடைப்பு மட்டும் மாறவில்லை.

பந்தையும் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்போம். குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. மேலெல்லாம் குழிகள், பொதுவாக முந்நூறுக்கு மேல். ஒவ்வொன்றின் ஆழமும் கால் மில்லிமீட்டர் அளவுதான். வெளிச்சத்தில் திருப்பினால் ஒவ்வொரு குழியும் ஒரு பிறைநிழலை ஏந்திக்கொண்டிருக்கும். இந்த அழகு தற்செயலாக வந்தது. 1848 வாக்கில் மலாயாக் காட்டு மரத்தின் பாலில் செய்த கட்டாப்பெர்ச்சா பந்துகள் வழக்கத்துக்கு வந்தன. புதிதாக, வழவழவென்று இருக்கும்போது அவை சரியாகப் பறக்கவில்லை. அடிபட்டு, வடுப்பட்டு, பழசான பிறகு அருமையாகப் பறந்தன. பார்த்தவர்கள் புதுப்பந்துகளைச் சுத்தியலால் கொத்தி வடுவாக்கத் தொடங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் டெய்லர் அந்த வடுக்களைச் சீரான குழிகளாக்கினார்.

குழிகள் செய்யும் வேலை மிகச் சிறியது. பந்தின் மேனியை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப்படலத்தை அவை கொஞ்சம் கலக்கிவிடுகின்றன. கலங்கிய படலம் மேனியைச் சீக்கிரம் விட்டுப்பிரியாமல் பின்பக்கம்வரை ஒட்டிக்கொண்டு வருகிறது. பின்னால் இழுக்கும் சுழிப்பு ஒடுங்குகிறது. வழவழப்பான பந்து இதன் தூரத்தில் பாதியளவுதான் போகும். வளைவுக்கும் குழிகளே நேர்மை தருகின்றன. முற்றிலும் வழவழப்பான பந்து சில வேகங்களில் தன் சுழற்சிக்கு எதிர்ப்பக்கம்கூட வளைந்துவிடும். குழிகொண்ட பந்து அப்படிச் செய்யாது. எந்தப் பக்கம் சாய்த்தீர்களோ அந்தப் பக்கமே போகும்.

பெரிய மூளைகள் எல்லாம் இந்த வளைவில் மயங்கியிருக்கின்றன. 1672-இல் ஐசக் நியூட்டன் ஒளியைப் பற்றி எழுதும்போது, சாய்த்துப் பிடித்த மட்டையால் அடித்த டென்னிஸ் பந்து வளைந்து போவதைப் பார்த்த நினைவைக் குறிப்பிடுகிறார். ஒளித்துகள்களும் அப்படி வளையுமோ என்று அவருக்கு ஒரு யோசனை. 1742-இல் பெஞ்சமின் ராபின்ஸ் துப்பாக்கிக் குண்டுகளில் அதையே கண்டார். 1852-இல் ஹைன்ரிஷ் மாக்னஸ் சோதித்து எழுதியதால் இன்று அது மாக்னஸ் விளைவு என்று அவர் பெயரில் வழங்குகிறது. எலக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே. ஜே. தாம்சன் 1910-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கோல்ஃப் பந்தின் இயக்கம் பற்றியே ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

இவர்கள் எல்லோரையும்விட எனக்குப் பிரியமானவர் எடின்பரோ பேராசிரியர் பீட்டர் கத்ரி டேட். அவருடைய மகன் ஃப்ரெடி டேட் 1896-லும் 1898-லும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்ற ஆட்டக்காரர். மகன் அடிக்கும் பந்து, சுழற்சியைக் கணக்கில் கொள்ளாத எந்தச் சமன்பாடும் அனுமதிக்காத அளவு நேரம் வானில் நிற்பதைத் தந்தை கவனித்தார். பந்து சுழல்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? அதிவேகப் படக்கருவி இல்லாத காலம். முறுக்கு ஏதுமில்லாத நீண்ட நாடா ஒன்றை எடுத்தார். ஒரு முனையைப் பந்தில் பொருத்தினார், மறுமுனையைத் தரையில் கட்டினார். ஓரிரு கஜம் தள்ளி இருந்த கெட்டியான களிமண் சுவரில் பந்தை அடிக்கச் செய்தார். பந்து களிமண்ணில் புதைந்து நின்றது. நாடா முறுக்கேறிக் கிடந்தது. முறுக்குகளை எண்ணினார். ஆட்டக்காரருக்கு ஏற்ப நொடிக்கு 40 முதல் 120 சுற்றுவரை வந்தது. இன்றைய டிரைவர் அடியை ராடார் அளந்து சொல்வது நொடிக்கு 43 சுற்றுப்போல. ஒரு நாடாவும் களிமண்ணும் கொண்டு, 1890-களில், அந்த எல்லைக்குள் கணக்கு வந்து நின்றதை எண்ணிப் பாருங்கள். ஃப்ரெடி 1900-இல் தென்னாப்பிரிக்கப் போரில் இறந்தார். மறு ஆண்டே தந்தையும் போய்விட்டார்.

இனி எங்கள் ஊர்க் காற்றுக்கு வருகிறேன். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த வாசல் பாலக்காட்டுக் கணவாய். வைகாசி முடிந்தால் மேற்கிலிருந்து புகும் காற்று ஆவணிவரை ஓயாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் பக்கம் வெறும் வாய்ப்பேச்சு இல்லை. கஞ்சிக்கோட்டிலிருந்து உடுமலை, பல்லடம்வரை காற்றாலைகளைச் சுற்றுவது அந்தக் காற்றுதான். கார்த்திகை, மார்கழியில் அதே வாசல் வழியே காற்று கிழக்கிலிருந்து மேற்கே திரும்பி வீசும். பனையோலையின் சலசலப்பை வைத்தே மாதம் சொல்கிற முதியவர்கள் இங்கே உண்டு.

இந்தக் காற்று கோல்ஃப் பந்தின் வளைவை நடத்தும் விதம் மிக நயமானது. எதிர்க்காற்றில் பந்தின் மேல் ஓடும் காற்றின் வேகம் கூடுகிறது. தூக்கலும் பக்க இழுப்பும் சேர்ந்தே கூடுகின்றன. அமைதியான காலையில் யாருக்கும் தெரியாத ஒரு சின்ன ஃபேட், எதிர்க்காற்றில் பெரிய ஸ்லைஸாக விரிந்துவிடும். பின்காற்றில் அதே அடி, அதே சாய்வு, வளைவு பாதி அடங்கி நேராகிவிடும். செட்டிபாளையத்தில் மேற்கு பார்த்து அடிக்கிற ஓர் அடியை ஆடியில் கணவாய்க் காற்று ஈவிரக்கமின்றிப் பெரிதாக்கிக் காட்டும். மார்கழியில் தடவிக் கொடுத்து மறைக்கும். மைதானம் ஒன்று, ஆட்டக்காரர் ஒருவர், கைப்பிழையும் ஒன்று. பையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடக்கிற உள்ளூர்ப் பையன்கள் நாலு புல்லைக் கிள்ளி மேலே விட்டுப் பார்த்துவிட்டு ‘சார், கொஞ்சம் இடக்கைப் பக்கம் பாத்து அடிங்க’ என்று சொல்வதற்குள் இத்தனை இயற்பியலும் அடங்கியிருக்கிறது.

மலை ஏறினால் வளைவு இன்னொரு முகம் காட்டும். 2,200 மீட்டர் உயரத்து ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பிடித்து இழுக்கக் காற்று குறைவு என்பதால் பந்து கூடுதல் தூரம் போகும். பக்கத்தில் தள்ளவும் காற்று குறைவு என்பதால் வளைவு மெலியும். 1,500 மீட்டருக்கு மேல் இருக்கும் மூணாறுப் பக்கத்து மைதானங்களில் அந்த மாற்றம் கொஞ்சம் குறைவாக, ஆனால் தெரியும்படி இருக்கும். சமவெளியில் பழகிய டிரா மேலே வந்ததும் முழுதாகத் திரும்பாமல் நின்றுவிடும். பனி இறங்கும் காலையில், தேயிலைச் சரிவின் கரும்பச்சை பின்னணியில், அப்படி ஒரு நீண்ட, மெலிந்த வளைவு வெண்மையாக இறங்கி வருவது மலைநாட்டுக்கே உரிய காட்சி.

1970-களில் போலாரா என்றொரு பந்து வந்தது. குழிகளின் ஆழத்தைச் சமச்சீராக வைக்காமல் இடத்துக்கு இடம் மாற்றி அமைத்த அந்தப் பந்து, சாய்த்து அடித்தாலும் தன்னைத்தானே நேராக்கிக்கொள்ளும். அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1981-இல் பந்து சமச்சீராகத்தான் இருக்க வேண்டும் என்று விதி வகுத்து அதைப் போட்டிகளிலிருந்து விலக்கியது. வழக்கு நடந்தது, பெருந்தொகை கைமாறியது. அந்த விதி நூற்றுக்கு நூறு சரி என்பேன். வளைவை எடுத்துவிட்டால் இந்த ஆட்டத்தில் தூரம் மட்டும்தான் மிஞ்சும். தூரத்தில் பலம் உண்டு, நயம் கிடையாது.

எங்கள் பகுதித் தமிழ்வழிப் பள்ளிகளில் இயற்பியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாக்னஸ் விளைவைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு முடித்துவிடாதீர்கள். லேசான பிளாஸ்டிக் பந்து ஒன்று, தையற்கடையில் கிடைக்கும் நாடா நாலு முழம், பிடித்துக்கொள்ள ஒரு பழைய சாக்குத் திரை, இவை போதும். நாடாவின் ஒரு முனையைப் பந்தில் ஒட்டுங்கள், மறுமுனையைத் தரையில் கட்டுங்கள். பிள்ளைகளை விதவிதமாகச் சாய்த்து அடிக்கச் சொல்லுங்கள். நாடாவில் ஏறிய முறுக்கை அவர்களையே எண்ண விடுங்கள். பிறகு நாடாவைக் கழற்றிவிட்டு, முற்றத்தில் காற்றுக்கு எதிராக ஒரு தடவையும் காற்றோடு ஒரு தடவையும் அடிக்கச் சொல்லி வளைவைப் பார்க்க வையுங்கள். ஆனி, ஆடியில் செய்தால் காற்றுக்குப் பஞ்சமிராது.